வரிசையில் கடைசி ஆள்

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓடைக்கரைப்பட்டியின் பழைய தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி முந்தின நாள் இரவு கலையாமல் அப்படியே நின்றிருந்தது. முதலில் பார்த்தவர் பால்காரர். அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை, டைனமோவைச் சக்கரத்தில் தட்டிவிட்டு இருட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வெளிச்சத்தில் வெளியே வந்து, இரண்டு வீட்டுக்குப் பால் ஊற்றிய பிறகுதான், "தொட்டிக்கிட்ட இன்னும் விடியல போலுக்கு" என்றார். எட்டு மணிக்கும் விடியவில்லை, பத்து மணிக்கும் விடியவில்லை. ஊரெல்லாம் தார் உருகிக்கொண்டிருக்க, தொட்டியின் கால்களைச் சுற்றி ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு இரவு இருந்தது, அதற்குள் மார்கழிக் குளிர் இருந்தது, அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரங்கள் இருந்தன. கத்திரியில் சூரியன் போய் நிற்கிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை அந்த மாதத்தில் உலகத்தில் யாரும் பார்க்க முடியாது என்பார்கள், நாங்கள் அதை உச்சிப்பகலில் எங்கள் தலைக்கு நேர்மேலே பார்த்தோம்.

அந்த இரவு யாருடையது என்று ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்ட அந்தத் தொட்டியின் மேலே, யாரும் கேட்காமலே ஒரு வானக்கூடத்தை ஐந்து வருஷமாக நடத்திக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். எஸ்தர் டீச்சர் பெண்கள் பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளர், உண்மையில் டீச்சர் இல்லை, ஆனால் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவரை டீச்சர் என்று கூப்பிடுவதால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றை ஏழு மாதம் கையாலேயே தேய்த்துத் தேய்த்துக் குழியாக்கித் தொலைநோக்கி செய்தவர் அவர்தான். தகரத்தை வளைத்து உருண்டைக் கூரை அமைத்து, அதைச் சக்கரத்தில் சுற்ற வைத்தவர் வெல்டர் ஆவுடையப்பன். மூன்றாவது ஆள் நான், சண்முகக்கனி, ரேஷன் கடையில் எடை போடுகிறவன். எனக்கு வானமும் தெரியாது, வெல்டிங்கும் தெரியாது, வரிசையை நிறுத்தத் தெரியும்.

சனிக்கிழமைதோறும் ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை. ஆளுக்கு ஒரு நிமிஷம். எங்கள் ஊர்க்காரர்கள் ரேஷன் கடை வழக்கத்தைத் தொட்டிக்கும் கொண்டுவந்தார்கள், அதாவது வரிசையில் ஒரு பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பை இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, ஆனாலும் அடுத்தவன் பையைத் தள்ளிவைத்த ஒருவனும் எங்கள் ஊரில் நிம்மதியாக அரிசி வாங்கியதில்லை. சனிக்கோளைப் பார்க்க ஏணியடியில் பதினொரு மஞ்சள் பைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதை முதல் தடவை பார்த்தபோது டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார், அவர் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

நுழைவுக் கட்டணம் வைக்க வேண்டாம் என்று சொன்னதும் டீச்சர்தான். அதற்குப் பதிலாக, "வரும்போது உங்க வீட்டுல ஒரு வெளக்க அணைச்சிட்டு வாங்க, வானத்துக்கு இருட்டு வேணும்லா" என்றார். நான் வைத்திருந்த நீள நோட்டில் இரண்டே கட்டங்கள், ஒன்று பெயர், இன்னொன்று அணைத்த விளக்கு. அடுப்படி, தாழ்வாரம், கழிவறை, மாட்டுக்கொட்டில், சாமி மாடத்துச் சீரியல் பல்பு என்று எழுதியிருப்பார்கள். இதில் நாங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. போகும்போது திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. காசிக்குப் போனவர்கள் ஒரு காயை அங்கேயே விட்டுவிட்டு வந்து சாகும்வரை அதைத் தொடாமல் இருப்பதில்லையா, அதைப் போல இதுவும் என்று ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டு, அணைத்த விளக்கை அணைத்தபடியே விட்டுவிட்டது. தாழ்வாரத்தில் தடுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர்கள்கூட அந்த சுவிட்சைத் தொடவில்லை. எங்களுக்கு அது தெரியாது. அந்த இருட்டெல்லாம் ஐந்து வருஷமாக, ஒரு லட்சம் லிட்டர் கொள்கிற காலித் தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே இருந்து, அந்தச் சனிக்கிழமை நிறைந்து வழிந்திருக்கிறது.

வந்த இரவை ஊர் முதல் வாரத்திலேயே பழக்கிக்கொண்டது. நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்து வருகிறவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அதற்குள் படுத்துத் தூங்கினார்கள். பூக்காரிகள் வாடாமல் இருக்கட்டும் என்று கூடைகளை அதன் ஓரத்தில் வைத்தார்கள். கல்யாணமாகாத ஜோடிகளைக் கலைக்க ஆவுடையப்பன் ஒரு டார்ச் வாங்கினார். இருட்டின் விளிம்பில் டீக்கடை வைத்தவன் வெயிலில் இருக்கிறவர்களுக்கு மோரும் இருட்டில் இருக்கிறவர்களுக்குச் சுக்குக் காப்பியும் கொடுத்தான். பகலில் நட்சத்திரம் தெரிகிறது என்ற சேதி பஸ் ஏறிப் போனது, அதே பஸ்ஸில் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். பதினொரு பேர் வந்த இடத்தில் ஒரு நாளைக்கு எண்ணூறு பேர் வந்தார்கள், சனிக்கிழமை என்ற கணக்கெல்லாம் போய் தினமும் பகல் முழுக்கக் கூட்டம், எல்லாரும் முறைப்படி அவரவர் வீட்டில் ஒரு விளக்கை அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் ரேஷன் கடைக்கு லீவு போட்டுவிட்டு வரிசையை நிறுத்திக்கொண்டிருந்தேன்.

இருட்டு வளர்வதை முதலில் கவனித்தவர் ஆவுடையப்பன். தினமும் அதன் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, என் நோட்டிலுள்ள பெயர்களோடு ஒத்துப் பார்த்து, ஆளுக்கு ஒரு சதுர அடி என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குள் அது கீழத்தெருவைத் தாண்டி, தீப்பெட்டி ஆபீஸின் காயப்போடும் களத்தை மூடிவிட்டது. வெயில் இல்லாமல் மருந்து முக்கிய குச்சிகள் காயவில்லை, களத்தில் வேலை பார்த்த நூற்றுப்பத்துப் பெண்களும் வீட்டில் உட்கார்ந்தார்கள். கோழிகள் கூட்டைவிட்டு இறங்கவில்லை. வேம்புகள் இலையை உதிர்த்தன. கீழத்தெருப் பிள்ளைகள் விடியலைப் பார்க்க மேலத்தெருவுக்கு நடந்து போனார்கள். ஒரு மாதம் போனதும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போகத் தொடங்கினார்கள்.

கூடத்தை மூடினோம். ஆட்டோவில் மைக் கட்டி, நோட்டில் பெயர் எழுதியவர்கள் எல்லாரும் அணைத்த விளக்கைத் திரும்பப் போடுமாறு கேட்டுக்கொண்டோம். வெளியூர்க்காரர்களுக்கு எண் விசாரித்துப் போன் செய்தோம், போன் எடுக்காதவர்களுக்குக் கார்டு எழுதினோம், இறந்துபோனவர்களின் வீட்டுக்கு நேரில் போய் அவர்கள் அணைத்த விளக்கை அவர்கள் பிள்ளைகளின் கையால் போடச் சொன்னோம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சதுர அடி பின்வாங்கியது. ஆடி மாதம் பிறந்தபோது நோட்டின் எல்லாப் பக்கங்களிலும் பச்சை மையால் டிக் அடித்து முடித்திருந்தேன், இருட்டோ கீழத்தெருவிலும் தீப்பெட்டிக் களத்திலும் கால் ஊன்றி நின்றுவிட்டது, அதற்குமேல் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆவுடையப்பன் நோட்டை வாங்கி முதல் பக்கத்துக்குத் திருப்பினார். எல்லா இருட்டும் தொடங்கிய முதல் வரியில் டிக் இல்லை. எஸ்தர், வாசல் விளக்கு.

கூடம் நடத்துகிறவர் என்பதால் அவரைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

டீச்சரின் வீடு ஒரு முடுக்கின் கடைசியில் இருக்கிறது, ஓர் ஆள் போனால் எதிரே இன்னொருவர் வர முடியாத முடுக்கு, அவர் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். அதற்கு முந்தின வீடு என்னுடையது, இரண்டுக்கும் ஒரே சுவர். அன்று சாயங்காலம் ஊரே முடுக்கில் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றது. பேரூராட்சித் தலைவர் இருந்தார், ஆவுடையப்பன் இருந்தார், என் மனைவி சந்தனமாரி இருந்தாள், எல்லாருக்கும் முன்னால் தீப்பெட்டிக் களத்துப் பேச்சியம்மாள் நின்றாள்.

"டீச்சர், எட்டு வாரமா வேலை இல்ல" என்றாள் பேச்சியம்மாள். "ஒரு சுவிட்சுதான. போட்டுருங்க."

டீச்சர் வாசற்படியில் நின்றார். அவர் தலைக்குமேலே, கம்பிக் கூண்டுக்குள் தூசி படிந்து, அந்தக் குண்டு பல்பு இருந்தது.

"அது எதுக்கு எரிஞ்ச லைட்டுன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

தெரியும். அவர் புருஷன் செல்வின் லாரி ஓட்டுகிறவன், பத்து வருஷத்துக்கு முன்னால் நாக்பூருக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பவில்லை.

"ஆளு வரவேண்டிய வீடு, வாசல் லைட்ட அணைக்காதேன்னு நீங்கதான் சொன்னிய. அணைச்சா என்ன பொம்பள இவன்னு கேட்டிய. நாலு வருசம் எரிய விட்டேன். தெனமும் அது எரியும், நான் எந்த லாரி நம்ம ஊருக்குத் திரும்புதுன்னு காத வச்சிக்கிட்டுப் படுத்திருப்பேன். அப்புறம்தான் கண்ணாடியத் தேய்க்க ஆரம்பிச்சேன். வானம் பாக்க இருட்டு வேணும்னு சொன்னா நீங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டியன்னு தெரியும்."

ஐந்து வருஷமாக நான் ஏணியடியில் நின்று ஆள் ஆளாக மேலே அனுப்பிய அந்தக் கூடம், தகரக் கூரை, சனிக்கோளின் வளையம், நோட்டு எல்லாமே ஒரு பல்பை அணைப்பதற்காக ஒருத்தி கட்டியவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது வாட் பல்பு ஒன்றை அணைக்க ஒரு பெண் ஏழு மாதம் கண்ணாடி தேய்க்க வேண்டியிருந்த ஊர் எங்களுடையது.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "லைட்டுக்கும் அவன் வாரதுக்கும் என்ன சம்பந்தம்" என்றார்.

"போட்டா வந்துருவாவ" என்றார் டீச்சர். இருட்டு தொட்டியிலிருந்து வழியும் என்பதை ஏற்றுக்கொண்ட ஊருக்கு இதை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. "நான் போடுதேன். பேச்சியம்மா வீட்டுல அடுப்பு எரியணும். அவுக வந்தா நீங்க என்ன செய்விய, அத மட்டும் சொல்லுங்க."

சந்தனமாரி என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நாங்க டி.வி. சத்தத்தக் கூட்டுவோம் டீச்சர். சொவத்துல அவன் ஒங்க தலைய முட்டுற சத்தம் கேக்கும், இவுக ரிமோட்ட எடுப்பாக, நான் பேசாம இருப்பேன். ஏழு வருசம் கூட்டினோம். ஒரு நாளும் வந்து கதவத் தட்டல."

அவள் சொன்னது உண்மை. ரிமோட்டில் சத்தம் கூட்டுகிற பொத்தானில் எழுத்து அழிந்துபோயிருந்தது. அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை, ஊர் முழுக்க நிற்கிற இடத்தில் அவள் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

"வரட்டும்" என்றாள் சந்தனமாரி. "வந்து வரிசையில நிக்கட்டும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அவர் தொட்டிமேல் ஏறித் தொலைநோக்கியைக் கழற்றி இறக்கி, நான்கு பேராகத் தூக்கிக்கொண்டுவந்து டீச்சரின் வாசலில், அந்தப் பல்புக்கு நேர்கீழே நிறுத்தினார். பார்த்து முடித்தவர்கள் முடுக்கு வழியே திரும்ப முடியாதே என்று நான் கேட்டதற்கு, கடப்பாரையை என் கையில் கொடுத்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்தச் சுவரை நானே இடித்தேன். அதில் அவர் டீச்சர் பக்கமிருந்து மட்டும் திறக்கிற ஓர் இரும்புக் கதவு வைத்தார். பார்த்தவர்கள் அதன் வழியாக எங்கள் அடுப்படியில் புகுந்து பின்வாசலால் வெளியேறி, சுற்றிவந்து தங்கள் பைக்குப் பின்னால் மறுபடி நின்றுகொள்ளலாம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு முடுக்கு முழுக்கப் பைகள். முதல் பை சந்தனமாரியுடையது. டீச்சர் சுவிட்சைப் போட்டார். கீழத்தெருவிலிருந்த இருட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போகிற விருந்தாளி மாதிரி அவசரமில்லாமல் எழுந்து போனது, மறுநாள் காலையில் களத்தில் வெயில் விழுந்தது, சேவல்கள் எட்டு வாரத்துக்கும் சேர்த்துக் கூவின. எரிகிற பல்புக்கு அடியில் நின்று பார்த்தால் நட்சத்திரம் ஒன்றும் தெரியாது. நிலா தெரியும், வியாழன் தெரியும், சனி தெரியும். மேகம் இருந்தால் மேகத்தைப் பார்த்தோம்.

நான்காம் நாள் சாயங்கால பஸ்ஸில் செல்வின் வந்து இறங்கினான். தலைக்குச் சாயம் அடித்திருந்தான், கையில் ஒரு நீலப் பெட்டி, முகத்தில் சிரிப்பு. முடுக்குக்குள் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, நம்ம வீட்டுல கூட்டமா இருக்கு" என்றான்.

"வானம் பாக்காவ" என்றேன்.

"லைட் எரியுதேன்னு வந்தேன். கொஞ்சம் வழி விடுங்க, நான் வீட்டுக்காரன்."

"வரிசையில வாங்க."

அவன் இன்னும் சிரித்தான். முன்னால் நின்ற பேச்சியம்மாள் நகரவில்லை. அவளுக்கு முன்னால் நின்ற பால்காரர் நகரவில்லை. முடுக்கில் ஓர் ஆள் அகலம்தான் உண்டு, அதில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் அவர்களுடைய பைகளும் இருந்தன. நான் நோட்டை நீட்டினேன். அணைத்த விளக்கு என்ற கட்டத்தை அடித்துவிட்டிருந்தேன், பெயர் மட்டும் போதும். அவன் எழுதினான். முன்னூற்றுப் பதின்மூன்று. ஒன்பது மணிக்கு டீச்சர் தொலைநோக்கிக்கு உறை போட்டார், நான் வழக்கம்போல, "மிச்சப் பேரு நாளைக்கு வாங்க, அதே இடந்தான்" என்றேன். முன்னால் பார்த்தவர்கள் எல்லாரும் தங்கள் பைக்குத் திரும்பியிருந்தார்கள். அவன் முன்னூற்றுப் பதின்மூன்றாகவே பஸ் ஸ்டாண்டுக்குத் தூங்கப் போனான்.

காவல் நிலையத்துக்குப் போனோம். புருஷன் பெண்டாட்டி வீட்டுக்கு வருவதில் கேஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பல்பை அணைத்துவிடலாமா என்று ஒரு நாள் ஆவுடையப்பன் கேட்டார், பேச்சியம்மாளின் பிள்ளை வெயிலில் விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு டீச்சர் வேண்டாம் என்றார்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவன் தினமும் ஏழு மணிக்கு வருகிறான். சத்தம் போடுவதில்லை, யாரையும் இடிப்பதில்லை. இரண்டாவது வாரமே எங்கள் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு தன் நீலப் பெட்டியை இடத்தில் வைத்துவிட்டுப் போய், பக்கத்தில் நிற்பவர்களுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான். பெட்டி இருந்தால் ஆள் இருக்கிற மாதிரிதான், அதை எடுத்து எறிய என்னால் முடியவில்லை. எறிந்தால் அடுத்த நாளே மற்ற எல்லாப் பைக்கும் மரியாதை போய்விடும், அந்த மரியாதையைத் தவிர டீச்சருக்கும் அவனுக்கும் நடுவில் வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் களத்தில் வெயில் வந்ததும் வேலையும் வந்துவிட்டது, தீபாவளி ஆர்டருக்குப் பெண்கள் ஒன்பது மணி வரை பெட்டி ஒட்டுகிறார்கள். கல்யாண மாதங்களில் வெளியூர் போகிறார்கள். மழை பெய்கிறது, காய்ச்சல் வருகிறது, சிலர் செத்துப்போகிறார்கள். ஒரு பை குறையும்போது ஓர் இடம் முன்னால் வருகிறான். போன வாரம் அவன் நீலப் பெட்டி எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேராக வந்துவிட்டது. "மாறிட்டான் போலுக்கு அண்ணாச்சி, பாவம், ஒரு நிமிசம் விட்டா என்ன" என்று பால்காரர் நேற்று என் காதில் சொன்னார். டி.வி.யில் கூட்டிய சத்தத்தை மறுபடி கேட்டதுபோல் எனக்கு இருந்தது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல், "இப்ப எத்தனையாவது" என்று தினமும் கேட்கிறார். நேற்று நாற்பத்து மூன்று என்றேன். சந்தனமாரி மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறாள், அவள் பையை நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வானக்கூடம் தினமும் சாயங்காலம் ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை திறந்திருக்கும். சாத்தூரிலிருந்து ஐந்தே முக்காலுக்கு பஸ் உண்டு, இறங்கி யாரைக் கேட்டாலும் முடுக்கைக் காட்டுவார்கள். கட்டணம் கிடையாது. எந்த விளக்கையும் அணைக்க வேண்டாம். நட்சத்திரம் தெரியும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன், நிலா தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் சனியின் வளையம் தெரியும். புதிதாக வருகிறவர்கள் பின்னால்தான் நிற்க வேண்டும், ஆனால் அவனுக்கு முன்னால் நிற்கிற நாற்பத்து இரண்டு பேரில் ஒருவர் இடத்தை விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவன் நான். வரும்போது மறக்காமல் ஒரு பை கொண்டுவாருங்கள். போகும்போது அதை விட்டுவிட்டுப் போங்கள்.